காலி ஓட்டில் மீண்டும் மருந்து: பாலாற்றங்கரையிலிருந்து ஒரு பார்வை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களைச் சில வகையாகப் பிரித்துவிடலாம். பணம் எடுத்துச் செல்ல வேண்டிய தொழிலதிபர்கள், படையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள், குறி பார்த்துச் சுடுவதை விளையாட்டாகப் பழகும் இளைஞர்கள். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உள்ள பகுதி இது. துப்பாக்கியைப் பார்த்து மிரளும் மண் அல்ல. இவர்களில் சிலரிடம் இப்போது ஒரு கேள்வி எழுகிறது. சுட்ட பிறகு கையில் மிஞ்சும் பித்தளை ஓட்டைத் தூக்கி எறியாமல், வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்பிச் சுடலாமா? அமெரிக்கர்கள் கார் நிறுத்தும் கூடத்தில் ஒரு மேசையும் ஒரு கைப்பிடி பிரஸ்ஸும் போட்டு இதைச் செய்யும் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி.

அதைச் சட்டம், உலோகம், மருந்து, பழக்கம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்துவிடுவது நல்லது. நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே, வீட்டில், வேண்டாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் தேவை உண்மையானது. அதற்கு வழி செய்யாமல் தடையை மட்டும் சொல்வது பாதி வேலை.

தோட்டா என்று நாம் சொல்வது நான்கு பொருள்களின் சேர்க்கை. பித்தளை ஓடு, அதன் அடியில் அடிபட்டதும் பொறி தரும் பிரைமர், உள்ளே புகையில்லா மருந்து, வாயில் பொருத்திய குண்டு. சுட்டதும் பிரைமர் செத்துவிடும், மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும். ஓடு மட்டும் பிழைக்கும். நான்கில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். அது சற்று விரிந்திருக்கும். அதைப் பழைய அளவுக்கு அழுத்தி, செத்த பிரைமரை நீக்கி, புதியதைப் பொருத்தி, மருந்தை அளந்து இட்டு, குண்டை அமர்த்தினால் தோட்டா மறுபிறவி எடுக்கும். நிரப்பும் முறையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். இதற்கு மேல் உள்ள அளவுகளும் மருந்து வகைகளும் இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை அல்ல.

இது எல்லா ஓட்டிலும் நடக்கிற காரியமும் இல்லை. உலகில் இரண்டு வகைப் பிரைமர் அமைப்புகள் பரவலாக உண்டு. உல்விச் ஆயுதச் சாலையில் பணியாற்றிய ஆங்கிலேயர் எட்வர்ட் பாக்சர் 1866 வாக்கில் வகுத்தது ஒன்று. அமெரிக்கர் ஹைரம் பெர்டான் வகுத்தது மற்றொன்று. பாக்சர் ஓட்டின் அடியில் நடுவே ஒரே துளை. மெல்லிய கம்பியால் செத்த பிரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டான் ஓட்டில் நடுவில் ஒரு சிறு மேடும் அதன் ஓரமாகத் துளைகளும் இருக்கும். அங்கே கம்பி வேலைக்காகாது. அமெரிக்காவில் பாக்சர் வகையே நிலைத்தது. அந்த நாட்டில் மறுநிரப்பல் வீட்டுப் பொழுதுபோக்காக வளர்ந்ததற்கு இது ஒரு காரணம். உலகப் படைகள் பலவும் பெர்டான் வகையை அதிகம் பயன்படுத்தின. படைக்குச் செய்த ஓடு கிடைத்தது என்று மகிழ்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அமெரிக்காவில் இந்தப் பழக்கத்துக்கு மூன்று தூண்கள். நிறையச் சுடுபவர்களுக்குச் செலவு குறையும். தன் துப்பாக்கிக்கென்று அளந்து நிரப்பினால் குறி கூடும். கடையில் தட்டுப்பாடு வந்தாலும் கை ஓயாது. இந்த மூன்றையும் தாங்குவது அங்குள்ள சட்டம். அந்தச் சட்டத்தைக் கழித்துவிட்டு மேசையையும் பிரஸ்ஸையும் மட்டும் ஆம்பூருக்கு எடுத்து வர முடியாது.

நம் சட்டத்தின் கதை 1857-க்குப் பின் தொடங்குகிறது. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு எது என்ற சந்தேகம் வடக்கில் தீயாகப் பரவியது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1806 ஜூலை 10 விடியற்காலையில், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அந்தக் கோபத்தின் காரணங்களில் புதிய தலைப்பாகையில் வைத்திருந்த தோல் குஞ்சமும் ஒன்று. அன்று மதிற்சுவர் மேல் ஒதுங்கிய வெள்ளைப் படையினர் தோட்டா தீர்ந்து துப்பாக்கிமுனைக் கத்தியை நம்பி நின்றார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்ததால் கோட்டை மீண்டும் அவர்கள் கைக்குப் போனது. தோட்டா யார் கையில் இருக்கிறது என்பது ஆட்சியின் உயிர்நிலை என்று வெள்ளையருக்கு அந்த இரண்டு எழுச்சிகளும் கற்பித்தன. 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமத்துக்குள் அடைத்து, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்த இனப் பாகுபாட்டைச் சுதந்திர இந்தியா நீக்கிக் கொண்டுவந்ததுதான் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமம் என்ற முதுகெலும்பு அப்படியே நிலைத்தது.

அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் தோட்டா என்பதற்குத் தந்திருக்கும் விளக்கம் விரிவானது. முழுத் தோட்டா மட்டும் அல்ல, அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும் அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. 5-ஆம் பிரிவு உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிப்பதைத் தடுக்கிறது. கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, தயாரிப்பு உரிமம் வேறு. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இரண்டுக்கும் தனித்தனிப் படிவங்களையும் தனித்தனி நிபந்தனைகளையும் வைத்திருக்கின்றன. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமம் இல்லாத தயாரிப்புக்கான தண்டனையை ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை உயர்த்தியது. மருந்துக்கு 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் விதிகளும் தனியாகக் காத்திருக்கின்றன. ஆக, கள்ளக் கடத்தல்காரர்களை நினைத்து எழுதிய அதே பிரிவின் கீழ் நல்லெண்ணத்தோடு மேசையில் உட்கார்ந்த ஒரு விளையாட்டு வீரரும் நிற்க நேரலாம். பழக்கத்தின் பேரில் யாரோ சொன்னார்கள் என்று இதில் இறங்கக் கூடாது. ஆம்பூர்க்காரருக்கு உரிமம் தரும் அதிகாரம் இப்போது திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. சந்தேகம் உள்ளவர் அங்கே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

இனி இந்த மண்ணுக்கே உரிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். தோல் பதனிடும் தொழில் நிறைந்த இந்த ஊர்களில் பித்தளைத் தோட்டா எப்படி இருக்கும் என்று யாரும் அதிகம் பேசியதில்லை. மறுநிரப்பலை நினைக்காதவருக்கும், பெட்டியில் பத்து தோட்டா வைத்திருப்பவருக்கும் இது பயன்படும்.

பட்டையில் பதனிட்ட தோலில் செய்த இடைவார்களில் தோட்டாக்களை வரிசையாகச் செருகி வைப்பது பழைய பழக்கம். வேட்டைக்காரர் படங்களில் அது கம்பீரமாகத் தெரியும். ஆனால் ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை ஆகியவற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருள் தோலுக்குள் அமிலமாகத் தங்குகிறது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது பித்தளையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய ஓடு துப்பாக்கியின் அறைக்குள் ஒட்டிக்கொள்ளும். சுட்ட பிறகு வெளியே வர மறுக்கும். களிம்பைச் சுரண்டி எடுத்தால் ஓட்டின் சுவர் மெலிந்திருக்கும். குரோம் தோலும் உப்பு, அமிலம் கழுவப்படாமல் மிஞ்சியிருந்தால் பித்தளைக்கு நண்பன் இல்லை. எனவே தோட்டாவைத் தோல் வாரில் சேமிக்க வேண்டாம். வெளியே செல்லும் நேரத்துக்கு மட்டும் வாரில் வைத்து, வீடு வந்ததும் அட்டைப் பெட்டிக்கோ பிளாஸ்டிக் பெட்டிக்கோ மாற்றிவிட வேண்டும். துப்பாக்கியையும் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் விடக் கூடாது.

இதைவிட நுட்பமான ஒன்று அம்மோனியா. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் முடிந்து பார்த்தால், சேமித்து வைத்திருந்த பித்தளைத் தோட்டா ஓடுகளில் தானாக வெடிப்பு விழுந்திருக்கும். சுடவில்லை, யாரும் தொடவில்லை, ஓடு பிளந்திருக்கும். பருவத்தையொட்டி வந்ததால் ஆங்கிலத்தில் பருவ வெடிப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். காரணம் 1921-இல் வெளியான ஆய்வு ஒன்றில்தான் தெளிவானது. பித்தளையை அழுத்தி இழுத்து ஓடாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்தபோது, குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து அந்த இறுக்கமான இடங்களைப் பிளந்தது. ஓட்டைச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது அதற்கு மருந்தானது.

லாயம் போய்விட்டது. ஆனால் தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்பு ஊறிய தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் குளோரைடும் போடுகிறார்கள். அந்த வேளையில் பீப்பாயைச் சுற்றி மூக்கை எரிக்கும் நெடி அதே அம்மோனியாதான். ஆலையின் அலுவலக அறை இரும்புப் பெட்டியில் தோட்டாவை வைத்திருப்பவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். பித்தளை பளபளக்க அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தால் துடைப்பதும் இதே கேட்டைத் தரும். பலமுறை சுட்ட ஓடு, பலமுறை அழுத்திய ஓடு, அம்மோனியா பட்ட ஓடு: அதன் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத பிளவு இருக்கலாம். மறுநிரப்பலில் இவ்வகை ஓட்டைக் கண்டுபிடிப்பதற்கு அனுபவமும் கருவியும் வேண்டும். புதுத் தோட்டாவில் அந்தப் பொறுப்பு ஆலையினுடையது. 1869 முதல் புணேக்கு அருகில் கட்கியில் இயங்கும் தோட்டா ஆலை போன்ற இடங்களில், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிப்பது வேலையின் ஒரு பகுதி. கான்பூர் அரசு ஆயுத ஆலைகள் செய்யும் .32 ரிவால்வருக்கு, 2014-இல் வந்த நிர்பீக் உட்பட, தோட்டா அப்படிப்பட்ட வரிசையிலிருந்து வருகிறது.

மருந்தைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நீலகிரியில் அருவங்காடு கார்டைட் ஆலை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உந்துமருந்து செய்கிறது. ஓர் இடத்தில் தீப்பற்றினாலும் அடுத்த இடத்துக்குப் போகாதபடி கட்டடங்களை விலக்கி வைப்பது இத்தகைய ஆலைகளின் அடிப்படை விதி. சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் பக்கத்திலேயே, காட்பாடியை அடுத்த லத்தேரியில் 2021 ஏப்ரலில் ஒரு பட்டாசுக் கடை பற்றியெரிந்ததில் ஒரு பெரியவரும் அவருடைய இரண்டு பேரக் குழந்தைகளும் போனார்கள். கடைக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் கதியை இந்த வட்டாரம் மறக்கவில்லை. கைத்துப்பாக்கி மருந்தின் அளவு அதனோடு ஒப்பிடச் சிறியதுதான். ஆனால் பிரைமரில் இருப்பது அடிபட்டால் வெடிக்கும் பொருள். அதைக் கொத்தாகக் குப்பியில் போட்டுக் குலுக்கினாலே ஆபத்து.

நிரப்பும்போது வரும் பிழைகளில் இரண்டு மிகக் கொடியவை. கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரியும் வகை. ஓட்டின் கொள்ளளவில் சிறு பகுதியைத்தான் அது நிரப்பும். கவனம் சிதறி ஒரே ஓட்டில் இரு முறை இட்டாலும் மருந்து வெளியே வழியாது, கண்ணுக்குத் தெரியாது. சுட்டால் அறை தாங்காது. அதற்கு எதிர் பிழை மருந்தே இடாமல் விடுவது. பிரைமரின் வேகம் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்திவிடும். சத்தம் சற்றுக் குறைவாகக் கேட்டதே என்று எண்ணாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்து கையைக் கொண்டுபோகும். தொலைபேசி மணியும் குழந்தையின் அழைப்பும் கேட்கும் வீட்டில் இந்தக் கவனத்தை ஒவ்வொரு ஓட்டுக்கும் காப்பது எளிதல்ல.

வீடு என்பதையே நான் இங்கு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் காலணியின் மேல்பாகத்தைத் தைக்கும் வேலை வீட்டுக்கே வருகிறது. பெண்கள் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து துண்டுக் கூலிக்குத் தைக்கிறார்கள். வீடும் பட்டறையும் இங்கே பிரியவில்லை. அதனால் மேசையில் ஒரு பிரஸ் வந்து நிற்பது இயல்பாகத் தோன்றிவிடும். ஆனால் இந்த வேலையில் ஈயம் இருக்கிறது. சுட்ட ஓட்டின் உட்புறக் கரியில், செத்த பிரைமரின் சாம்பலில், வெறும் ஈயக் குண்டைத் தொட்ட விரலில், ஓடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது எழும் தூசியில். அது பாயில் படியும், தவழும் பிள்ளையின் கைக்கு வரும். ஈயத்தில் தீங்கில்லாத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பாலாற்றில் குரோமியம் கலந்த கதையைத் தாங்கிய மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் தோல் ஆலைக் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தீங்கு நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்று நாட்டுக்கே சொன்ன வழக்கு இந்த ஆற்றங்கரையிலிருந்து போனது.

இதுவரை பேசியது ஊர்ப்புறம். தலையை உயர்த்தினால் ஜவ்வாது மலை. அங்கே கையால் மருந்து நிரப்புவது பொழுதுபோக்கே அல்ல. ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் மருந்தையும் ரவையையும் பால்ரஸ் குண்டையும் வாய்வழியே கெட்டித்துத்தான் சுட வேண்டும். உண்மையில் இந்த வட்டாரத்தில் தோட்டா நிரப்புதலின் மிகப் பழைய, உயிரோடிருக்கும் வடிவம் அதுதான். உரிமம் உள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. இல்லாதவற்றைத் தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை அவ்வப்போது மலைக்கிராமங்களில் அறிவிப்பதும், ஊர்ப் பெரியவர்கள் வழியாக அவை வந்து சேருவதும் இங்கு பலரும் அறிந்த செய்தி. சமவெளியில் நரிக்குறவர்கள் இதே வகைத் துப்பாக்கியோடு கொக்கும் காடையும் தேடி வாழ்ந்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிழைப்பை முடித்தது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பிழைப்பைப் பறித்ததற்கும் உரிமையைத் தந்ததற்கும் இடையே ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

மலை விவசாயி இன்று துப்பாக்கியை எடுப்பது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக. ஓர் இரவில் கிழங்கும் நிலக்கடலையும் போய்விடுகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வரையறை சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடும் கை வனத்துறையினுடையது, விவசாயியினுடையது அல்ல. காட்டை ஒட்டியே நிலம் வைத்திருக்கும் மலைவாசிக்கு இதில் நேரடி ஆறுதல் குறைவு. அவருடைய இழப்பீடு பயிர் அழிந்த பருவத்திலேயே கைக்கு வந்தால் இரவில் மருந்து கெட்டிக்கும் தேவை குறையும். ஊர்க்கொல்லரின் பட்டறையில் செய்த குழல், வீட்டில் இடித்த கருமருந்து, இருட்டில் அசைவை மட்டும் பார்த்துச் சுடும் கை: மிருகம் என்று மனிதரைச் சுட்ட வழக்குகள் வடதமிழக மலைகளில் மறுபடி மறுபடி வருகின்றன. கைதுகளால் மட்டும் இது நிற்கவில்லை.

விளையாட்டு வீரரின் தேவை வேறு வகை. 25 மீட்டர் சென்டர்-ஃபயர் பிஸ்டல் போட்டியில் .30 முதல் .38 வரையிலான குழல் அளவு அனுமதி. 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா அதில் 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அந்த உயரத்துக்கு ஒருவர் போக ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழக வேண்டும். உரிமப் புத்தகத்தில் எழுதியுள்ள ஆண்டு அளவு சாதாரண உரிமதாரருக்குப் போதும், பயிற்சிக்குப் போதாது. அங்கீகாரம் பெற்ற வீரர்களுக்கு விதிகள் கூடுதல் அளவும் இறக்குமதி வழியும் தருகின்றன. ஆனால் அந்த அங்கீகாரம் வருவதற்கு முன்னால் இருக்கிற இளைஞர், அதுவும் சென்னையிலோ கோவையிலோ அல்லாமல் குடியாத்தத்தில் இருப்பவர், என்ன செய்வார்? அவருக்கு ஏர் பிஸ்டல்தான் நல்ல தொடக்கம். கையும் கண்ணும் மூச்சும் அங்கேயே பழகும். தோட்டாவும் வேண்டாம், ஈயத் தூசியும் மிகக் குறைவு. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் பிஸ்டல் போட்டி முழுவதும் காற்றழுத்தத் துப்பாக்கியில்தான் நடக்கிறது.

அதைத் தாண்டி வளர்பவருக்கு மறுநிரப்பல் பயன்தரும். அது நடக்க வேண்டிய இடம் மன்றம். அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் ஒன்று, பெயரோடு பொறுப்பாளர், தயாரிப்புக்கான உரிமம், மருந்துக்குத் தனிக் கிடங்கு, நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவும் பதியும் பேரேடு, ஈயத் தூசிக்கு உறிஞ்சி, சுட்ட ஓடுகளைக் கணக்கோடு திருப்பி வாங்கும் முறை. இது இருந்தால் காவல்துறைக்குக் கணக்கும் கிடைக்கும், வீரருக்குத் தோட்டாவும் கிடைக்கும், வீட்டுக்கு அமைதியும் கிடைக்கும். இதற்கு மத்திய உள்துறை தெளிவான விதி எழுத வேண்டும். இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951 முதல் இருக்கிறது. மாநிலச் சங்கங்களோடு சேர்ந்து இந்தக் கோரிக்கையை அது முன்னெடுக்க வேண்டும்.

அந்த நாள் வரும்வரை இந்த வட்டாரத்துக் கைத்துப்பாக்கி உரிமதாரர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவு. உரிமம் உள்ள கடையில் மட்டும் தோட்டா வாங்குங்கள், ரசீதை வைத்திருங்கள். தோல் வாரிலிருந்து தோட்டாக்களை இன்றே எடுத்துவிடுங்கள், ஆலை அலுவலகப் பெட்டியிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பச்சை ஏறியதோ கழுத்துப் பிளந்ததோ கண்ணில் பட்டால் சுடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், காவல் நிலையத்திலோ உரிமக் கடையிலோ எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். நிரப்பும் பிரஸ்ஸை இணையத்தில் வாங்க நினைப்பவர், வாங்குமுன் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள்.